கிளேஸ் சோதனைக்கு மூடுலா, கூகுள் கிளாஸ்ரூமா?

செராமிக் பட்டப்படிப்புக்கு ஆன்லைன் தளம் என்றதும் பேச்சு கூகுள் கிளாஸ்ரூமில் போய் நிற்கும். காரணம் தெரிந்ததுதான்: சர்வர் வேண்டாம், ஃபோன் போதும், பத்து நிமிடத்தில் வகுப்பு தயார். கட்டுரைக்கும் குறிப்புகளுக்கும் அது தாராளம். சூளையில் முடியும் செய்முறை வகுப்புக்கு எங்கள் தேர்வு, சொந்த சர்வரில் நிறுவும் இலவசப் பாடத் தளமான மூடுல்.

தீர்மானித்தது பக்கத்து மேசை. பட்டறைப் பாடத்தில் பாதி அடுத்தவர் கையைப் பார்த்து வருவது; பெரியமேட்டில் 1850-ல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி முதல் நேற்று வந்த டிசைன் கல்லூரி வரை இதுதான் வழி. கிளாஸ்ரூமில் அசைன்மென்ட்டை அனுப்பிய மாணவரும் ஆசிரியரும் மட்டுமே பார்க்க முடியும். ஒருவருடைய கிளேஸ் (மண்பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது 30 பேர் வகுப்பில் மற்ற 29 பேருக்குத் தெரியாது. பொது ஷீட் வைக்கலாம்தான். ஆனால் எடிட் அனுமதி உள்ள யாரும் இன்னொருவர் வரியைக் கை தவறி அழித்துவிடலாம்.

மூடுலில் உள்ள டேட்டாபேஸ் வசதி இதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. கிளேஸைப் பூசிச் சோதிக்கும் சிறு மண் வில்லையான டெஸ்ட் டைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. கிளேஸின் மூலப்பொருள்களான ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், ஒயிட்டிங், கயோலின் நான்கும் சேர்ந்து 100 பங்கு. நிற ஆக்சைடு அதற்கு மேல் தனிச் சதவீதம். பிறகு கிளேஸில் எத்தனை நொடி முக்கியது, சூளையில் எந்தத் தட்டு, உச்ச வெப்பம், சுடுமுன் படம், சுட்டபின் படம். களிமண் பெயரை மெனுவாகவே கொடுங்கள். தட்டச்சுக்கு விட்டால் ஒரே மண் நான்கு பெயரில் வந்து தேடல் வீணாகும். மண் எத்தனை நாள் காய்ந்தது என்பதற்கும் ஓர் இடம் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்று மண்ணை லேசில் காயவிடாது; உள்ளே ஈரம் நிற்க, சூடு 100 டிகிரியைத் தாண்டினால் நீராவி பாத்திரத்தைப் பிளந்துவிடும்.

‘பார்ப்பதற்கு முன் தேவையான பதிவுகள்’ என்ற அமைப்பை 2 என்று வையுங்கள். தன் இரண்டு டைல்களைப் பதியாதவருக்கு மற்றவர் பதிவு திறக்காது. பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது அதோடு நின்றுவிடும்.

படம் விஷயத்தில் எந்தத் தளமும் உதவாது. ஃபோன் தானாக நிறம் திருத்தி, செலடான் என்ற கிளேஸின் வெளிர்பச்சையைச் சாம்பலாக்கிவிடும். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு படத்திலும் ஒரே சாம்பல் அட்டையை வைத்து எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வாங்கினால் படம் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூடுல் இலவசம், பராமரிப்பு இலவசமில்லை. இதை யோசிக்காமல் இறங்கக் கூடாது. மூடுல் எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி.யில் ஒரு ஃபைலுக்கான இயல்பு வரம்பு 2 எம்.பி., மொத்த அனுப்பலுக்கு 8 எம்.பி. ஃபோன் படம் ஒன்றே 3 முதல் 5 எம்.பி. வரும். மூடுல் பக்கத்தில் எவ்வளவு கூட்டினாலும், சர்வரில் இந்த இரண்டையும் உயர்த்தாதவரை படம் ஏறாது. பேக்கப் எடுப்பவர் பெரும்பாலும் சர்வரின் டேட்டாபேஸை மட்டும் எடுப்பார். படங்கள் இருப்பதோ மூடுல்டேட்டா ஃபோல்டரில். அதை விட்டால் மீட்ட பிறகு எண்கள் இருக்கும், டைல் படம் ஒன்றும் இராது. பின்னணி வேலைகளைத் தானாகச் செய்யும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றால் அறிவிப்பு மின்னஞ்சல் போகாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இதெல்லாம் 30 பேர் வகுப்புக்கான கணக்கு. 300 பேர் ஒரே மாலையில் படம் ஏற்றும் கல்லூரிக்கு இதே சிறிய சர்வரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சக்கரத்தில் மண் எழுப்பும் வீடியோவுக்கு இரண்டு தளமும் ஒன்றுதான்: யூடியூபில் ஏற்றி இணைப்பைக் கொடுப்பதே லேசு.

சர்வரைப் பார்க்க ஆள் இல்லாத துறை கிளாஸ்ரூமிலேயே இருக்கட்டும். டைல்களை எண்ணிட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டுங்கள். எண்ணைக் கிளேஸ் படாத பின்பக்கத்தில் இரும்பு ஆக்சைடைக் குழைத்துத் தூரிகையால் எழுதுங்கள். மார்க்கர் சூளையில் எரிந்துபோகும்.