ரத்த வங்கி நல்லது, கதவுதான் இல்லை

மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரத்த வங்கியில் போன வாரம் ஏழாவது முறையாக ரத்தம் கொடுத்தேன். வேலையில் கறாரானவர்கள். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் விட்டார் நர்ஸ். தயங்காமல் அடியில் போய் உட்கார்ந்தது. "ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல இருக்குண்ணே, படுங்க" என்றார்.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காமல் எந்த வங்கியும் ரத்தத்தை வெளியே தரக்கூடாது. இங்கே கூடுதலாக நாட் (NAT) என்ற சோதனையும் செய்கிறார்கள். தொற்று புதிதாக வந்திருந்தால் வழக்கமான சோதனையில் சில வாரங்களுக்குத் தெரியாமல் போகலாம். நாட் சோதனையோ வைரஸின் மரபணுவையே தேடுவதால் அந்த இடைவெளி குறையும். ஆனால் முழுசாக மறையாது. அதனால்தான் படிவத்தில் கேட்கும் கேள்விகள் அவ்வளவு முக்கியம்.

என் மனக்குறையும் அங்கேதான். கேள்வி கேட்கும் அறைக்குக் கதவே இல்லை. எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். "பச்சை குத்தியிருக்கியா? மஞ்சள் காமாலை வந்துச்சா?" என்று கேட்டது வரிசை முழுக்கக் கேட்டது. இல்லை என்று தலையாட்டினான். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தான், ஓரத்தில் புதுப் பச்சை தெரிந்தது. "தம்பி, டாக்டர்கிட்ட தனியா சொல்லிடுப்பா" என்றேன். போய்ச் சொன்னான். பச்சை குத்தின ஊசியில் தொற்று வந்திருக்கலாம் என்று ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்களாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கதவு போட்டால் ஐந்து.