செடுக்சிமாப்பா, பெவாசிசுமாப்பா?

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு, கீமோவோடு செடுக்சிமாப் அல்லது பெவாசிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தும் ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் என்னிடம் வருவார்கள். "இதுல எது நல்லது சிஸ்டர்?" நாகர்கோவிலில் கீமோ வார்டு நர்ஸான நான் திருப்பிக் கேட்பேன்: "ராஸ் டெஸ்ட் ரிசல்ட் வந்தாச்சா?"

கட்டியின் மரபணுவைப் பார்க்கும் அந்த டெஸ்ட் வராமல் ஒப்பிடவே முடியாது. கட்டியில் கேராஸ் அல்லது என்ராஸ் மரபணு மாறியிருந்தால் செடுக்சிமாப், அதே வகை மருந்தான பேனிடுமுமாப் இரண்டுமே கேட்காது. தோல் புண்ணாவதுதான் மிச்சம். மாறாமல் இருந்து, கட்டி இடப்பக்கக் குடலில் தொடங்கியிருந்தால் பொதுவாக இவற்றுக்கே முதலிடம். வலப்பக்கம் என்றால் பெரும்பாலும் பெவாசிசுமாப். இரண்டையும் சேர்த்துப் போட்டும் ஆய்வில் பார்த்துவிட்டார்கள், பக்கவிளைவுதான் கூடியது. ஆபரேஷன் திருவனந்தபுரத்தில் நடந்திருந்தால் பயாப்ஸி பிளாக்கும் (கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) அங்கேதான் இருக்கும். கேட்டு வாங்கி வாருங்கள், டெஸ்ட்டுக்கு அது வேண்டும்.

குளச்சல்காரர் ஒருவர், செடுக்சிமாப் தொடங்கிப் பத்தாம் நாள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். "இந்த வயசிலயா சிஸ்டர் எனக்குப் பரு?" மகளுடைய பரு கிரீமைத் தடவி, தோல் காய்ந்து வெடித்திருந்தது. பார்க்கப் பரு மாதிரி இருந்தாலும் இது பரு அல்ல. ஈரப்பதம் தரும் கிரீம், சன்ஸ்கிரீன், டாக்டர் எழுதினால் டாக்சிசைக்ளின் மாத்திரை. மூன்றையும் முதல் நாளிலிருந்தே தொடங்கினால் கடுமை குறையும். கடல் வெயில் இதை ஊதிவிடும். வள்ளத்தில் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி என்று பேசி முடித்தோம். இந்தப் பரு மாதிரித் தடிப்பு வந்தவர்களுக்கு மருந்து கேட்கும் வாய்ப்பு அதிகம் என்றேன். அப்போதுதான் துண்டை எடுத்தார்.

கண்ணுக்குத் தெரியாதது, இந்த மருந்தால் ரத்தத்தில் மெக்னீசியம் குறைவது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், கை கால் ஓய்ந்தால் ரத்தம் பார்க்க வேண்டும். மருந்து நின்ற பிறகும் 8 வாரம் வரை இதைக் கவனிக்க வேண்டும்.

செடுக்சிமாப்பில் ஒரு பங்கு எலிப் புரதம் உண்டு. அதனால் முதல் டோஸில் ஒவ்வாமை வரலாம். ஏற்றி முடித்து ஒரு மணி நேரமாவது படுத்திருங்கள். மாட்டிறைச்சி தின்று எப்போதாவது உடம்பு தடித்ததுண்டா, உண்ணி கடித்ததுண்டா என்று கேட்பேன். சிரிக்காதீர்கள், இவர்களுக்குத்தான் கடுமையான ஒவ்வாமை வரும் ஆபத்து கூடுதல். பேனிடுமுமாப் முழுக்க மனித வகை, இந்தப் பயம் அதில் குறைவு. பருவும் மெக்னீசியமும் அதே கதைதான்.

பெவாசிசுமாப் முகத்தில் ஒன்றும் காட்டாது. அதனாலேயே எனக்கு அதன்மேல்தான் பயம். பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், மூக்கில் ரத்தம் வரும், ரத்தம் உறையவும் செய்யும். புண் ஆறாது என்பதால் பெரிய ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். பல் பிடுங்குவதானால்கூட எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் வயிற்றுவலி. திடீரென்று தாங்க முடியாமல் வந்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்காதீர்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். ராத்திரி என்றாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கிளம்பிவிடுங்கள். வாசலிலேயே, பெவாசிசுமாப் போடுகிறோம் என்று சொல்லுங்கள்.