'போதும்': மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

2022 ஏப்ரல் 14, சுபகிருது வருடம் பிறந்த அன்று, வருடம் முழுக்க மனதில் வைத்து நடக்க ஒரு சொல் என்று இந்தச் சொல்லை எடுத்தேன். நம் வருடங்களுக்கு ஏற்கெனவே சுழற்சியில் அறுபது பெயர் இருக்கிறது. பஞ்சாங்கம் வைத்தது போக நானும் ஒன்று வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்கு முன் ஜனவரி 1-ல் எடுத்த 'சுறுசுறுப்பு', 'கட்டுப்பாடு' இரண்டும் பொங்கல் கரும்பு காய்வதற்குள் போய்விட்டன. அதனால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. செலவு ஒரு வெள்ளைத்தாள், கொஞ்சம் செலோ டேப். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

முதல் வருடம் சுத்தமாக வேலை செய்யவில்லை. தமிழில் 'போதும்' என்பதை வயிறு நிறைந்தும் சொல்லலாம், சலித்துப்போயும் சொல்லலாம். என் வாயில் வந்தது இரண்டாவதுதான். "போதும், போனை வை", "போதும், ஆளை விடு" என்று வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இன்னொரு தப்பும் செய்தேன். ஆபீசில் சம்பள உயர்வு கேட்க வேண்டிய நேரத்தில், இருப்பது போதும் என்று சும்மா இருந்துவிட்டேன். அது திருப்தி இல்லை, கேட்கக் கூச்சம். கூச்சத்துக்கு நல்ல பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம், சோபகிருது பாதியில் என் மகன் குறும்புக்கு அந்தத் தாளில் கை வைத்தான். 'ம்'மின் புள்ளியை அடித்து, ஒரு கால் போட்டு, கேள்விக்குறியும் வைத்தான். 'போதுமா?' திட்டத்தான் வாய் எடுத்தேன். ஆனால் அதன்பிறகுதான் இந்தச் சொல் உருப்பட்டது.

அந்தத் தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் மாம்பழ மஞ்சளில் ஒரு சுங்குடி கையில் இருந்தது. போதுமா என்று கேட்டுக்கொண்டேன். 'போதாது' என்றுதான் பதில் வந்தது, வாங்கினேன். இன்றும் வாரம் ஒருமுறை கட்டுகிறேன். அடுத்த கடையில் அதே கேள்விக்குப் 'போதும்' என்று வந்தது. முறுக்கிக்கொள்ளாமல் வெளியே வர முடிந்தது. முன்பெல்லாம் வாங்காமல் வந்தால் இரவு முழுக்க அந்தச் சேலையே கண்ணில் நிற்கும்.

பீரோவை எண்ணிப் பார்த்தபோது 61 சேலை. 'உண்பது நாழி, உடுப்பவை இரண்டே' என்ற புறநானூற்று வரியை (189, நக்கீரர் பாட்டு) எளிமைக்கு மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு உறைத்தது அதே பாட்டில் பின்னால் வருவது: செல்வத்தின் பயன் கொடுப்பது, நானே அனுபவிப்பேன் என்றால் தவறிப்போவது பல. 18 சேலையைக் கொடுத்தேன். பூச்சி அரித்தவற்றை அல்ல, கட்டக்கூடியவற்றை. இரண்டைக் கொடுத்தபின் வருந்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கடுத்த குரோதி வருடத்தில் சம்பள உயர்வும் கேட்டேன். 'போதுமா?' என்று கேட்டால் அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்லத்தானே வேண்டும். கேட்டதில் பாதி கிடைத்தது.

2025-ல் பிறந்த விசுவாவசுவுக்கும் அதே சொல்தான், அதே தாள்தான். இன்னும் செல்லுபடியாகாத ஒரே இடம் அம்மா வீடு. இலைக்கு மேல் கையைக் குவித்து "போதும்மா" என்றால், விரலிடுக்கு வழியாகவே இன்னொரு கரண்டி பாயசம் இறங்கிவிடும்.