மிளகு, சோம்பு, கல்பாசிக்கு ஓர் அன்றாடத் தீவனம்: பத்து வாரத் தராசுக் கணக்கு

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் முதலில் நடக்கும் வேலை காப்பி போடுவதன்று. மூன்று எலிகளின் தீவனக் கிண்ணத்தை எடுத்து, இரவெல்லாம் தின்றது போக மிஞ்சியிருப்பதை எவர்சில்வர் தட்டில் கொட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான். பெங்களூரிலிருந்து வேலை மாறிப் போன என் தம்பி, கூண்டோடு கொண்டுவந்து காரைக்குடியில் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பெண் எலிகள் இவை. வயது ஒன்றைத் தாண்டியவை. நிறத்தைப் பார்த்து மிளகு, சோம்பு, கல்பாசி என்று அஞ்சறைப் பெட்டியிலிருந்தே பெயர் வைத்தோம். “எலிக்குப் பொறி வைக்கிற ஊருல நீ தட்டு வைக்கிறியேத்தா” என்று அப்பத்தா முதல் வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையார்பட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று நான் நினைவூட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

இந்த மதிப்புரை, வளர்ந்த வளர்ப்பு எலிகளுக்கு அன்றாட உணவாக நான் பத்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆக்ஸ்போ நிறுவனத்தின் ‘எசென்ஷியல்ஸ் அடல்ட் ராட்’ என்ற குச்சித் தீவனத்தைப் பற்றியது. அதற்கு முன் கொடுத்த விதைக் கலவையையும், கொடுக்கலாமா என்று யோசித்துக் கைவிட்ட வேறு சில தீவனங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் இந்தப் பிராணிக்கென்று தனித் தீவனம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டிய பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பதே வழக்கம் என்பதால், மற்றவற்றைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் புகழ்வது பயன்படாது.

முதலில் அந்தப் பொட்டலம். பெட் ஷாப் ஒன்றில் “எலி, ஹாம்ஸ்டர், முயல் எல்லாத்துக்கும் இதுதாண்ணே போகுது” என்று என்னுடன் வந்த அண்ணனிடம் சொல்லி விற்றார்கள். சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், உமியோடு நெல், சிவப்பும் மஞ்சளுமாகச் சில வண்ண வளையங்கள், பச்சை நிறத்தில் புல் வாடை அடிக்கும் குச்சிகள் என்று பார்வைக்குக் கலகலப்பாக இருந்தது. நாளொன்றுக்கு ஓர் எலிக்கு 15 கிராம் வீதம் 45 கிராம் வைத்தேன். மறுநாள் காலையில் 13 கிராம் மிஞ்சியிருந்தது. அளவைவிட அந்த மிச்சத்தில் என்ன இருந்தது என்பதுதான் செய்தி: சூரியகாந்தி விதை ஒன்றுகூட இல்லை, கறுப்புத் தோல் மட்டும் கிடந்தது, பச்சைக் குச்சிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன, மக்காச்சோளத்தில் முளைப்பகுதியைக் கொறித்துவிட்டு மாவுப்பகுதியை எறிந்திருந்தன. இதே காட்சியை அடுத்தடுத்து ஒன்பது நாட்கள் பார்த்தேன். சூரியகாந்திப் பருப்பில் பாதி எடைக்குக் கொழுப்பு. கலவையில் வைட்டமினும் தாதுவும் சேர்க்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்தக் குச்சிகளில்தான். உறையில் அச்சிட்ட சத்துப் பட்டியல் மொத்தக் கலவைக்கு உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் மொத்தக் கலவையை எந்த எலியும் தின்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசமும் அப்பளமும் மட்டும் கேட்டு வாங்கித் தின்னும் பிள்ளையின் இலையைப் பார்த்து, அந்த விருந்தின் சத்தைக் கணக்கிட முடியாது.

ஆகவே, அன்றாடத் தீவனத்துக்கு நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு துண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையே. ஆக்ஸ்போ குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில், ஒரே மாவில் செய்தது. விதையோ உலர்பழமோ கிடையாது. பொறுக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உறையின் பின்புறம் புரதம் குறைந்தது 15 சதவிகிதம், கொழுப்பு குறைந்தது 4 சதவிகிதம் என்றிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு ஆய்வுக்கூட எலிகளின் தீவனம் நல்ல அளவுகோல். அமெரிக்க ஊட்டச்சத்துக் கழகத்தின் பெயரால் 1993இல் வந்த ஏ.ஐ.என்-93 என்ற வாய்ப்பாட்டில் இரண்டு வகை உண்டு: வளரும் குட்டிகளுக்கும் குட்டி போடும் தாய்க்கும் 20 சதவிகிதம் கேசீன் என்ற பால் புரதமும் 7 சதவிகிதம் சோயா எண்ணெயும், வளர்ச்சி முடிந்த எலிகளுக்குக் கேசீன் 14 சதவிகிதம், எண்ணெய் 4 சதவிகிதம். குட்டிக்கு நல்லதாக இருப்பது பெரிய எலிக்கு மிகை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வயதாக ஆக எலிகளுக்கு, குறிப்பாக ஆண் எலிகளுக்குச் சிறுநீரகம் தேய்வது சகஜம். மிதமிஞ்சிய தீனியும் புரதமும் அதை விரைவுபடுத்துகின்றன. பெண் எலிகளுக்கு மார்புக் கட்டிகள் வருவது அதிகம். கொழுத்த உடம்பில் அது இன்னும் அதிகம். இரண்டிலிருந்து மூன்று வருட ஆயுள் கொண்ட பிராணிக்கு ஆறு மாதத்துத் தவறான தீனி என்பது நம் கணக்கில் பதினைந்து, இருபது வருடம்.

கோழித்தீவனம் ஏன் கூடாது என்று கேட்டவர்களுக்கும் இந்த எண்களே பதில். நாமக்கல் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது, விலையும் மலிவுதான். ஆனால் கறிக்கோழித் தீவனம் ஆறு வாரத்தில் உடம்பேற்றுவதற்காக அரைக்கப்படுவது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு உருவாவதற்காக மூன்றரை, நான்கு சதவிகிதம் கால்சியம் இருக்கும். அது எலிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. முயல் குச்சியில் நார் மிகுதி. பெருங்குடலில் நாரை நொதிக்கவைத்துப் பிழைக்கும் முயலுக்கு ஏற்ற அது, நம்மைப்போல எல்லாம் தின்னும் எலிக்கு வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. நாய்த்தீவனத்தில் ஒன்றிரண்டு துண்டு, பல் தேய, எப்போதாவது கொடுப்பதில் குற்றமில்லை.

எங்கள் வீட்டிலேயே எழுந்த இன்னொரு யோசனை, சோறு வைத்தால் போதாதா என்பது. இதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே, எலிகளைக் கொண்டே, நூறு வருடத்துக்கு முன்பு விடை கண்டிருக்கிறார்கள். குன்னூரில் இருந்த ஓர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1920களில் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, அவ்வப்போது இறைச்சி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியான மதராஸ் உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. அந்த ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய்ப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. மனிதர்களின் தட்டைத் திருத்துவதற்காக எலிகளின் தட்டில் செய்த சோதனை அது. நான் அதைத் திருப்பி எலிகளுக்கே பயன்படுத்திக்கொள்கிறேன். வெறும் வெள்ளைச் சோறு அன்றாட உணவாகாது. ஆனால் தவிடு நீங்காத கவுனி அரிசியைச் சர்க்கரையும் தேங்காயும் சேர்க்கும் முன்பு ஒரு தேக்கரண்டி எடுத்து வைத்தால் மூன்றும் ஓடி வந்து தின்கின்றன. மீசை முடியில் ஊதா நிறம் ஒட்டிக்கொள்ள, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அந்தக் காலை நக்குவதைப் பார்க்க அப்பத்தாவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. எலி புதிய உணவை நம்பாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கும் வசதி அதன் உடம்பில் கிடையாது என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதே. முதல் மூன்று நாள் குச்சிகளைக் கிண்ணத்திலிருந்து எடுத்துப்போய்க் கூண்டின் மூலையில் குவித்து, அதன் மேலேயே சிறுநீர் கழித்து வைத்தன. பிறகு விதைக் கலவையில் கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் முழுவதும் மாற்றினேன். முதலில் வழிக்கு வந்தது கல்பாசி. ஒரு குச்சியை இரு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் மட்டும் அரம்போல ஒரே சீராக அராவித் தின்னும். அராவும்போது விழும் தூள் மிகக் குறைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா என்ற நுரையீரல் கிருமியைச் சுமப்பவை. தூசி பறக்கும் தீவனம் அவற்றுக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பிவிடும்.

பத்து வாரத்தில் மிளகு 352 கிராமிலிருந்து 318 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. கலவையில் சூரியகாந்தியை முந்திக்கொண்டு அள்ளியது அவள்தான் என்பது இதில் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் 290க்கு ஒட்டியே நிற்கின்றன. காலை மிச்சம் இரண்டு, மூன்று கிராமைத் தாண்டுவதில்லை. முடி மினுமினுப்பானது, சுறுசுறுப்புக் கூடியது என்றெல்லாம் எழுத ஆசைதான். தராசில் நிற்காததை நான் எழுதவில்லை. கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு நடுவில் நிரப்புவதையும் நிறுத்திவிட்டேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கேயும் உடன் பணியாற்றியவர்களும் 1935இல் வெளியிட்ட ஆய்வில், சத்தைக் குறைக்காமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள், வயிறு முட்டத் தின்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன.

குறை இரண்டு உண்டு, இரண்டுமே பெரும்பாலும் ஊரைச் சார்ந்தவை. இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒரு கிலோவின் விலை ஏறக்குறைய ஒரு சிப்பம் புழுங்கலரிசியின் விலையை எட்டிப் பிடிக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு குச்சியும் ஒரு பங்கு வீட்டு உணவுமாகக் கொடுப்பதால் மூன்று எலிக்கு நாளொன்றுக்கு 36 கிராம் செலவாகிறது. ஒரு கிலோ நான்கு வாரம் வருகிறது. பத்து எலி வைத்திருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வராது. அடுத்தது காலம். தீவனத்தில் சேர்த்த வைட்டமின்கள் அரைத்த நாளிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். ஆய்வுக்கூடங்களில் ஆறு மாதக் கணக்கை வைத்துக்கொள்வது வழக்கம். கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கூரியரில் காரைக்குடி வந்து சேரும்போது அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது முறை வாங்கியபோது, விற்றவர் அனுப்பிய உறை முடிவுத் தேதிக்கு ஏழே வாரம் இருக்க வந்தது. பெயர் தேவையில்லை, திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் பணம் கட்டுவதில்லை.

வந்ததை வைக்கும் இடமும் முக்கியம். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்கடியில் தீவனம் வைத்தால் ஒரே மாதத்தில் எண்ணெய் சிக்கடிக்கும். ஆத்தங்குடி ஓடு பாவிய உள்ளறையில், மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கில், உறையோடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையிலும் சோளத்திலும் வரும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு எலியின் ஈரலை எளிதில் கெடுப்பது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் இறந்த பிறகுதான் கடலைப் பிண்ணாக்கில் இருந்த அந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. ஆகவே பழைய கடலை, சுருங்கிய கடலை எதுவும் எங்கள் எலிகளின் தட்டுக்குப் போவதில்லை.

வீட்டு உணவு என்ற அந்த ஒரு பங்கில் முருங்கைக்கீரை, வேகவைத்த பாசிப்பயறு, கேழ்வரகுக் களியில் சுண்டைக்காய் அளவு, வாரத்துக்கு இரண்டு நாள் அவித்த முட்டையில் ஒரு கீற்று ஆகியவை வரும். பயறு வகைகளைப் பச்சையாகக் கொடுக்கக்கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் என்ற பொருள் ஆண் எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் உண்டு; எங்களுடையவை பெண்கள்தாம் என்றாலும் நான் கொடுப்பதில்லை. செட்டிநாட்டு வீட்டில் இதைவிடக் கடினமான தடை பலகாரம். தேன்குழலும் சீயமும் டப்பாவில் இருக்கும் வீட்டில் ஒரு துண்டு உடைத்துப் போடக் கை பரபரக்கும். அதிரசம், கந்தரப்பம் போன்று ஒட்டும் பண்டங்கள் தொண்டையில் சிக்கினால், மேலே தள்ள வழியில்லாத பிராணிக்கு உயிர்ப் போராட்டமாகிவிடும். இதை அப்பத்தாவிடம் விளக்கிச் சொன்ன அன்று, “அப்ப அதுக பலகாரம் கேட்டுக் கோலாட்டம் ஆடுறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கணுமாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் ஒரு பச்சைப் பட்டாணியைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய விதைக் கலவையை மொட்டைமாடியில் புறாக்களுக்குப் போட்டுத் தீர்த்துவிட்டேன். தூக்கில் இன்னும் பதினோரு நாளுக்கான குச்சி இருக்கிறது. அடுத்த கிலோவைச் சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே வரவழைக்க, நேற்று தேதிப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன்.