அம்மா வீட்டுச் சீயக்காயும் தீராத கப்பியும்

பிரசவமாகி நாலு மாதம் ஆன தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சீப்பு வைத்தாலே கொத்துக் கொத்தாக வருதுக்கா. உங்கள் வீட்டுச் சீயக்காய்த்தூளைப் போட்டால் நின்றுவிடுமா?" அதே வாரம்தான் எங்கள் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கிவிட்டது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி, முடியும் பழுப்புச் சேறுமாகத் திரண்டிருந்ததை வெளியே எடுத்துப் போட்டார். "இனிமே இந்தப் பொடியைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தோழிக்கு. நிற்காது. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிதான், பிரசவமான சில மாதங்களில் சேர்ந்தாற்போல் உதிர்கிறது. ஹார்மோன் மாற்றம்தான் காரணம். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கொட்டினால் இரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துக்கொள்வது நல்லது. சீயக்காய் தலையைச் சுத்தம் செய்கிற பொருள். அதனிடம் மருந்தின் வேலையை எதிர்பார்க்கக் கூடாது. நரையும் அதனால் கறுக்காது.

ஆனால் சுத்தம் செய்கிற வேலையில் அதற்கு ஈடு இல்லை. எங்களுடையது போர் தண்ணீர். வாளி ஓரத்திலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாக உப்புப் படியும். இந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, பிசுபிசுவென்று முடியில் உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய் நுரைப்பது அதில் இருக்கிற சபோனினால். அது அப்படித் திரிவதில்லை. சோப்பு காரம், சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்பு. அதனால் முடியின் மேல்செதில் எழும்பாமல் படிந்து கிடக்கிறது, சிக்கும் குறைவு. ஷாம்புவும் உப்புத் தண்ணீரில் திரியாதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஷாம்பு போட்ட மறுநாளே எனக்கு உச்சந்தலை இழுத்துப் பிடித்து அரிக்க ஆரம்பித்துவிடும். சீயக்காயில் அந்தத் தொல்லை ஒரு நாளும் வந்ததில்லை.

அம்மாவுக்கு ஆத்தூர் பக்கம். கல்வராயன் மலையிலிருந்து கோடையில் மூட்டை மூட்டையாகக் காய் இறங்கும். பூச்சித்துளை இல்லாமல், செம்பழுப்பாக, குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், அதைத்தான் எடுப்பாள். ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு, நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலையும் ஆவாரம்பூவும். பூந்திக்கொட்டை சேர்க்க மாட்டாள், கண் எரியும் என்பாள். காயை ஒடித்தால் 'டக்'கென்று முறிகிற வரைக்கும் மொட்டைமாடி வெயில். அரைத்து வந்ததும் சூடு ஆறப் பேப்பரில் பரப்ப வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டிவிடும்.

எங்கள் வீட்டு ரகசியம் என்று ஏதாவது இருந்தால், அது பொடியைத் தண்ணீரில் கரைக்காமல் வடிகஞ்சியில் கரைப்பதுதான். எண்ணெய் தேய்த்து ஊறுகிற நேரத்தில் இதையும் ஊற வைத்துவிடுவோம். கஞ்சியின் வழவழப்பில் பொடி முடிக்குள் வழுக்கிக்கொண்டு போகும், அலசும்போதும் சுலபமாக இறங்கும். இதைச் சொன்னதும் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

இவ்வளவு நல்ல பொருளில் என் உயிரை வாங்குவது ஒன்றே ஒன்று. கப்பி, அதாவது மாவாக அரைபடாமல் பொடியில் நிற்கிற கரடுமுரடான துணுக்குகள்.

மிளகாய், மல்லி அரைக்கிற மெஷினில் சீயக்காயைப் போட முடியாது; அடுத்து வருகிறவரின் மிளகாய்த்தூள் கசந்துவிடும். தனி மெஷின் வேண்டும். அம்மா காலத்தில் அது ஊருக்கு ஊர் இருந்தது. 1983இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு மாதிரிப் பாக்கெட்டுகள் பெட்டிக்கடை வரை தொங்க ஆரம்பித்த பிறகு, சீயக்காயைக் கொண்டுவந்து அரைக்கிறவர்கள் குறைந்தார்கள், மெஷினும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு மில். காய் நார் நிறைந்தது. கண் சிறுத்த சல்லடை போட்டால் அடைத்துக்கொள்ளும், மெஷின் சூடேறும். அதனால் பெரிய கண் சல்லடையைப் போட்டு ஒரே ஓட்டில் அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை ஓட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறுகிறது. தூசியில் தும்மிக்கொண்டே வேலை செய்கிறார், அதுவும் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறாரே, மாவாகத்தானே தர வேண்டும்?

கப்பி என்ன செய்யும் என்றால், முதலில் வகிட்டில் உட்காரும். எத்தனை சொம்பு ஊற்றினாலும் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். துவட்டிய வெள்ளைத் துண்டில் காபித் திப்பி மாதிரி பழுப்புத் துணுக்குகள். காய்ந்த பிறகு சிக்கு எடுத்தால் தோளில் பொலபொலவென்று கொட்டும். ஆபீஸ் போகிற நாளில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலையில் நிற்காதது எல்லாம் குழாய்க்குள் இறங்கி, எண்ணெயோடும் உதிர்ந்த முடியோடும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகிக்கொள்கிறது. பிளம்பர் எடுத்தது அதைத்தான்.

சலித்தால் போகாதா என்று கேட்பீர்கள். மெல்லிய துணியில் சலித்தேன். பாதிக்குப் பாதி கப்பியாக மேலே நின்றுவிடுகிறது, வீடு முழுக்கத் தும்மல். முழுக்காயை ராத்திரி ஊறப்போட்டுக் கொதிக்கவைத்து, திப்பியை வடிகட்டி வெறும் சாற்றை ஊற்றுகிற பழைய முறையும் இருக்கிறது. வெறும் தலைக்கு அது அருமை, குழாயும் அடைக்காது. ஆனால் நல்லெண்ணெய் தேய்த்த தலைக்குப் போதாது. எண்ணெயை உறிஞ்சி எடுப்பதே அந்தப் பயற்று மாவும் பொடியும்தான். சாறு மட்டும் விட்டால் சாயங்காலமே தலையணையில் எண்ணெய்.

ஆகவே தோழிக்கு நான் சொன்னது: கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலையே வேண்டாம். உனக்கு ஒத்துக்கொள்கிற சாதாரண ஷாம்பு எதுவோ அதைப் போடு. பெயரில் சீயக்காய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஷாம்புவைத் தேடி வாங்காதே, அது ஷாம்புதான். பின்கட்டும் கிணற்றடியும் இருக்கிற வீடு என்றால் தாராளமாக அரைத்துக்கொள்ளலாம், தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போகும். மாடி வீட்டில், ஒன்றரை அங்குலக் குழாயை நம்பி இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அம்மா இந்த வருடமும் இரண்டு கிலோ காய் வாங்கி வைத்துவிட்டதாக நேற்று போனில் சொன்னாள். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும், சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்து இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுக்கிற மில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.