கேக் கடை சி.எம்.சி. பொடியில் கிருமி கொல்லும் ஹைட்ரோஜெல் வருமா?

காரைக்குடியில் கேக் சாமான் விற்கிற கடைகளில் சின்ன டப்பாவில் கிடைப்பதுதான் இந்த சி.எம்.சி. பொடி. சர்க்கரை மாவில் பூ இதழ் செய்ய ஆச்சிமார் வாங்கிப் போவார்கள். செல்லுலோஸை காஸ்டிக் சோடா, மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம் இரண்டோடும் வினைபுரியவைத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றிய கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் இது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு, தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஹைட்ரோஜெல்லில் கிருமியைக் கொல்ல வெள்ளி ஏற்ற வேண்டுமானால், லேப் கிரேடுக்குப் பதில் இதை வாங்கலாமா? டப்பாவில் உணவுத் தரம், 99.5% தூய்மை என்று அச்சிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். லூசில் கட்டித் தருவது வேண்டாம்.

காரணம் உப்பு. அந்த வினையில் சோடியம் குளோரைடும் கூடவே உண்டாகிறது. மட்டமான கிரேடில் அது அப்படியே தங்கிவிடும். வெள்ளி ஏற்ற சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் சில்வர் குளோரைடாக வெள்ளை வெளேரென்று படியும், வெளிச்சம் பட்டால் கறுக்கும். அந்த சில்வர் குளோரைடுக்கும் கிருமியைக் கொல்லும் குணம் ஓரளவு உண்டுதான். ஆனால் எவ்வளவு வெள்ளி ஏறியது என்ற கணக்கு காலி. சோதிப்பது சுலபம்: 1 கிராம் பொடியை 20 மி.லி. 80% எத்தனாலில் கலக்கி வடிகட்டுங்கள். வடிந்ததில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. பால் போலக் கலங்கினால் திரும்பக் கழுவ வேண்டும். பொடி அதில் கரையாது, நஷ்டமில்லை.

தண்ணீருக்கும் இதே சோதனைதான். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அருமை, இந்த வேலைக்கு ஆகாது. காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

100 மி.லி. நீருக்கு சி.எம்.சி. 1.5 கிராம், ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் 0.5 கிராம். பின்னது கேக் கடையில் கிடைக்காது, கெமிக்கல் கடையில்தான் வாங்க வேண்டும். சி.எம்.சி.யை மட்டும் போட்டால் எதிர்மின் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு சரியாக விழாது. சுழலும் தண்ணீரில் பொடியைத் தூவித் தூவிப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே பொடி நனையாமலே கிடக்கும். நன்றாகக் கரைந்தபின், அந்தப் பிணைப்பைப் போட சிட்ரிக் ஆசிட் 0.2 முதல் 0.4 கிராம்.

தட்டில் ஊற்றி 30 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, பிறகு 80 டிகிரி ஓவனில் ஒரு நாள். பலருக்குச் சொதப்புவது இங்கேதான். ஈரத்தோடு ஓவனில் வைத்தால் சிட்ரிக் ஆசிட், நீர் நீங்கிய வடிவமான அன்ஹைட்ரைடாக மாறாது, பிணைப்பும் இல்லை. தண்ணீரில் போட்டதும் ஜெல் கரைந்தே போகும். ஐப்பசி மழையில் உலர்த்த இன்னொரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். சூடு அதிகமானால் பழுப்பேறி நொறுங்கும்.

நன்றாகக் கழுவிய ஜெல்லை 5 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட்டில் இருட்டில் ஊறவைத்து, 10 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடில் போட்டால் வெள்ளி நுண்துகளாகி மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் வரும். கையுறை கட்டாயம், விரலில் பட்ட கறை லேசில் போகாது. கிருமி வளர்க்கும் அகார் தட்டில் சோதிக்க வைக்கும்போது வெள்ளி ஏற்றாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். கழுவாமல் தங்கிய சிட்ரிக் ஆசிட்டும் கிருமி வளராத தெளிவான வட்டம் காட்டும், அதை வெள்ளியின் வேலை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடக் கூடாது.