டார்ஜிலிங்கும் சிம்லாவும்: மலையேறும் இரண்டு குறுகிய ரயில் பாதைகள்

இந்தியாவின் நேரோ கேஜ் பாதைகளில் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவானவை) பெரும்பாலானவை அகலப்பாதையாக மாற்றப்பட்டோ மூடப்பட்டோ போய்விட்ட நிலையில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை டார்ஜிலிங், கால்கா–சிம்லா பாதைகள் இரண்டே.

1881இல் முடிந்த டார்ஜிலிங் பாதையின் தண்டவாள இடைவெளி 610 மில்லிமீட்டர்தான். சுரங்கம் ஒன்றுகூட இல்லாத இப்பாதை, மலையைக் குடையாமல், ரயில் தன்னைத்தானே சுற்றி வரும் வளையங்களாலும், முன்னும் பின்னும் மாறி ஓடும் ஏற்றங்களாலும் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தை எட்டுகிறது. பழைய நீராவி எஞ்சினின் முகப்பில் உட்கார்ந்து, சக்கரம் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவும் தொழிலாளியே இப்பாதையின் உயிர் என்பேன்.

1903இல் திறக்கப்பட்ட சிம்லா பாதையோ நேர்மாறானது. ராணுவத் தேவை கருதி 762 மில்லிமீட்டராக அகலப்படுத்தப்பட்ட இப்பாதை, 96 கிலோமீட்டர் தூரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடக்கிறது. பரோக் சுரங்கம் மட்டும் 1,143 மீட்டர் நீளம். அடுக்கடுக்கான கல் வளைவுகளால் எழுப்பப்பட்ட பாலங்களின் அழகுக்கு டார்ஜிலிங்கில் ஈடில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்வதே நோக்கமானால் சிம்லா பாதையே ஏற்றது. மலை ரயில் எப்படி ஏறுகிறது என்பதைக் கண்ணால் காண விரும்புவோர், நிலச்சரிவால் சேவை அடிக்கடி தடைபடும் மழைக்காலத்தைத் தவிர்த்து, டார்ஜிலிங்குக்கே போகவேண்டும்.